தன்வந்திரி மகாலும் பாலரோக ஏடுகளும்

தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) நிறுவிய மருத்துவ நிலையம் தன்வந்திரி மகால். இன்று அந்த மருத்துவமனை இல்லை. அங்கே பயன்பட்ட மருந்து முறைகளின் ஏடுகள் மட்டும் சரசுவதி மகால் நூலகத்தில் தங்கியுள்ளன. அவற்றிலிருந்து நோய்வாரியாகத் தொகுத்து நூலகம் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உரிய மருத்துவத்தைக் கூறும் ‘கர்ப்பிணி பாலரோக சிகிச்சை’ என்ற நூலும் ஒன்று. மருத்துவர்களுக்கென்று எழுதிவைத்த அறிவு அவர்கள் கைக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு இந்நூலின் வரலாறு நல்ல சான்று.

அதிகாரம் போன மன்னர்

சரபோசி 1777-இல் பிறந்தவர். மன்னர் துளசாவால் தத்தெடுக்கப்பட்டு, செருமானியப் பாதிரியார் சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்தவர். அரியணை ஏறிய மறு ஆண்டே, 1799 உடன்படிக்கையின்படி, நாட்டு நிருவாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. அவரிடம் எஞ்சியவை கோட்டையும் அதைச் சார்ந்த சிறு பகுதியும் ஆண்டுத்தொகையுமே. வரி வாங்கவும் படை நடத்தவும் வேலையில்லாத மன்னர் நூல் சேர்ப்பதிலும் மருத்துவத்திலும் பொழுதைச் செலவிட்டார். வேறு அரண்மனைகளில் அதே நிலைக்கு ஆளானவர்கள் பணத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்பதை நினைத்தால் தஞ்சாவூருக்கு வாய்த்தது பெரும்பேறு.

தன்வந்திரி மகாலில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களும் மேனாட்டு முறை அறிந்தவர்களும் ஒரே நிலையத்தில் பணிபுரிந்தனர். மனிதருக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்து செய்யப்பட்டது. மூலிகைகள் வண்ணப்படங்களாக வரையப்பட்டன. கண்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய ஏறத்தாழ ஐம்பது ஏடுகள் ஆங்கிலத்திலும் மோடி எழுத்திலும் கிடைத்துள்ளன. அவற்றுள் பல கண்புரை நோயாளிகளைப் பற்றியவை; கண்களின் நிலையைக் காட்டும் ஓவியங்களும் உடன் உண்டு. இக்கால மருத்துவமனைகளில் நோயாளிக்கு எழுதப்படும் சிகிச்சைத் தாளுக்கு இவை மிக நெருங்கியவை.

ஏட்டில் ஏறிய மருந்து

நாட்டு மருத்துவம் அன்று பெரும்பாலும் குடும்பச் சொத்து. தந்தை மகனுக்குச் சொல்வார். மகன் இல்லையென்றால் மருந்து அவரோடு போகும். ஏடு இருந்தாலும் பரிபாசை எனப்படும் மறைசொற்களால் எழுதப்பட்டிருக்கும்; குருவின் உதவியின்றிப் பொருள் விளங்காது. கைகண்ட மருந்து வைத்திருந்தவர் அதை அடுத்த வீட்டு வைத்தியருக்குக்கூடச் சொல்வதில்லை.

சரபோசி இந்த வழக்கத்துக்கு மாறாகச் செய்தார். பல மரபு மருத்துவர்களிடமிருந்து முறைகளைத் திரட்டி, பயன் கண்டவற்றை நோய்வாரியாகப் பதிவுசெய்யச் செய்தார். கண்நோய், நீரிழிவு, இருமல், இரைப்பு, சன்னி எனத் தனித்தனிப் பகுப்பாக அவை அமைந்தன. பல முறைகள் செய்யுளாகவும் பாடப்பட்டன. மனப்பாடம் செய்ய எளிது என்பதால் மருத்துவத்துக்குச் செய்யுள் வடிவம் தமிழில் பழைய வழக்கமே.

குழந்தை மருத்துவம் கர்ப்பிணி மருத்துவத்தோடு சேர்ந்து ஒரே நூலாக அமைந்தது தற்செயலன்று. தாயும் சேயும் ஒரே நோயாளி என்பது மரபு மருத்துவத்தின் கணக்கு. பால்குடிக் குழந்தைக்கு மாந்தம் கண்டால் பத்தியம் தாய்க்கு. மருந்தை உரைகல்லில் உரைத்துத் தாய்ப்பாலிலோ தேனிலோ குழைத்து நாவில் தடவுவார்கள். மாந்தம், கணம், அக்கரம், கழிச்சல், சுரம் எனக் குழந்தை நோய்களுக்கு இருந்த பெயர்கள் இன்றும் கிராமத்துப் பாட்டிமார் வாயில் வழங்குபவை. பேசத் தெரியாத நோயாளி என்பதால் குழந்தையின் அழுகை, மலத்தின் நிறம், வயிற்றின் உப்பல் ஆகியவற்றைக் கொண்டே நோயைக் கணிக்க வேண்டியிருந்தது.

பழைய முறைகளை அப்படியே இன்று பின்பற்றிவிட முடியாது. குன்றிமணி, வராகனெடை, பலம் ஆகிய நிறைகளை இக்கால அளவுக்கு மாற்றுவதிலேயே பிழை நேரலாம். பாதரசம், பாடாணம் சேர்ந்த மருந்துகள் சித்த மருத்துவத்தில் உண்டு. அவை குழந்தைக்கு உயிர் ஆபத்தாகவும் முடியும். இந்நூலை வாசிக்க வேண்டியவர் பயின்ற மருத்துவரே. வீட்டு வைத்தியத்துக்கு உரிய கையேடாக இதைக் கொள்வது தவறு.

அச்சுக்கூடம் இருந்தும்

சரபோசியிடம் அச்சுக்கூடம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தேவநாகரி எழுத்தில் அங்கே நூல்கள் அச்சாயின. ஈசாப்புக் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பான பாலபோத முக்தாவளி அவற்றுள் ஒன்று. குழந்தைகளுக்குக் கதை அச்சிட்ட அரண்மனை, குழந்தைகளுக்கான மருத்துவத்தை ஏட்டிலேயே விட்டுவைத்தது. மருத்துவ நிலையத்தின் பெருங்குறை இதுவே எனலாம். திரட்டும்போது உடைந்த இரகசியம், திரட்டி முடித்ததும் அரண்மனைச் சுவருக்குள் மீண்டும் அடங்கிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போகலாம். மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1852-இல் கட்டர் எழுதிய உடற்கூற்று நூலைத் தமிழில் அச்சிட்டார். மோன்செல் எழுதிய பிரசவ வைத்திய நூல் 1857-இல் வந்தது. தொடர்ந்து 1872-இல் கிறேயின் மனுஷ அங்காதிபாதம், 1875-இல் கெமிஸ்தம் என வேறு நூல்களும் வெளிவந்தன. ஆங்கிலம் கற்றவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் கற்றவர்களே ஊரில் தங்கி மருத்துவம் பார்ப்பார்கள் என்பது அவர் கருத்து. 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிறீனுடைய நூல்கள் மாணவர் கைக்கு உடனே போயின. தஞ்சாவூரில் இருந்தது தமிழ்நாட்டு மருத்துவர்களின் சொந்த அனுபவம். மானிப்பாயில் இருந்தது மேனாட்டுப் பாடநூல். அச்சேறியது பின்னதே.

சரபோசி 1832-இல் இறந்தார். மகன் சிவாசி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்ததும் அரசு கம்பெனி வசமாயிற்று. வடமொழிச் சுவடிகளுக்கு ஏ. சி. பர்னெல் அட்டவணை தயாரித்து 1880 அளவில் வெளியிட்டபோது அறிஞர் உலகின் பார்வை தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பியது. தமிழ் மருத்துவ ஏடுகளுக்கு அந்தக் கவனம் கிட்டவில்லை. 1918 அக்டோபரில்தான் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. மன்னர் இறந்து 86 ஆண்டுகள் கழிந்திருந்தன. வைத்திய முறைகள் நூல்களாக அச்சேற மேலும் பல ஆண்டுகள் ஆயின.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. குழந்தை மருத்துவம் அங்கே பட்டமேற்படிப்புத் துறையாகவும் உள்ளது. பாலரோகத்தைப் பற்றிய பழைய முறைகளைத் தேடும் சித்த மருத்துவ மாணவருக்கு இப்போது ஏட்டுக்கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை, அச்சுநூலே போதும்.

மருந்து முறைகளுக்கு வெளியே இருப்பவை வேறு கதை. மருத்துவர்களின் சம்பளம், மருந்துச் சரக்கு வாங்கிய செலவு போன்ற அன்றாடச் செய்திகள் அரண்மனையின் மோடி ஆவணங்களில்தான் கிடைக்க வேண்டும். மராத்தியை எழுதுகோல் எடுக்காமல் விரைந்து எழுதும் அந்த எழுத்தை வாசிக்க வல்லவர் இன்று மிகச் சிலரே. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989-இல் வெளியிட்டது. எஞ்சியவை கட்டுக்கட்டாக நூலகத்தில் இருக்கின்றன.