ஜிபிஎஸ்: புணே செய்திகளில் இடம்பெற்ற சுருக்கப்பெயரின் பொருள் என்ன?

மகாராஷ்டிர மாநிலம் புணேயில் 2025 ஜனவரி மாதம் திடீரெனப் பலருக்குக் கைகால் தளர்ச்சி ஏற்பட்டதைத் தொடர்ந்து, 'ஜிபிஎஸ்' என்ற சுருக்கப்பெயர் செய்திகளில் அன்றாடம் இடம்பெறத் தொடங்கியது. வாகனத்துக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இரு சுருக்கங்களின் நடு எழுத்து வேறுபடும். தமிழில் இரண்டுக்கும் 'பி' ஒன்றே என்பதால் எழுத்தில் வேறுபாடு தெரிவதில்லை. எனவே முதல் குறிப்பிலாவது முழுப்பெயரைத் தருவது அவசியமாகிறது.

முழுப்பெயர் 'கியான்-பாரே சிண்ட்ரோம்'. பிரெஞ்சு மருத்துவர்களான ஜார்ஜ் கியான், ஜான் அலெக்சாந்தர் பாரே ஆகியோர், ஆந்த்ரே ஸ்ட்ரோல் என்பவருடன் இணைந்து 1916-இல் ராணுவ வீரர்கள் இருவரிடம் கண்ட பாதிப்பை விவரித்தனர். மூன்றாமவரின் பெயர் சுருக்கத்தில் இடம்பெறவில்லை. ஆங்கில எழுத்துகளைப் பின்பற்றி 'கில்லன் பாரே', 'குய்லின் பாரே' எனத் தமிழில் பலவாறு எழுதப்படுவதும் இதையே குறிக்கும்.

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் புற நரம்புகளையே தாக்குவதால் இப்பாதிப்பு ஏற்படுகிறது. பொதுவாகக் கால்களில் மதமதப்பாகத் தொடங்கும் தளர்ச்சி மேல்நோக்கிப் பரவும். மூச்சுத் தசைகள் பாதிக்கப்பட்டால் செயற்கை சுவாசம் தேவைப்படும். பெரும்பாலானோர் குணமடைகின்றனர்; எனினும் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

'ஜிபிஎஸ் வைரஸ்' என்று எழுதுவது தவறு. 'ஜிபிஎஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது' என்பதும் தவறு. இந்த இரண்டாவது வாக்கியம் நோயாளியின் அருகில் செல்லவே உறவினரை அஞ்சவைக்கும். 'ஜிபிஎஸ் பாதிப்பு எண்ணிக்கை உயர்ந்தது' என்பதே சரியான பயன்பாடு. பரவக்கூடியது அதற்கு முன் வரும் தொற்றுதான். புணேயில் சின்ஹகட் சாலை, கிர்கட்வாடி, நாந்தேட் உள்ளிட்ட பகுதிகளில் பாதிப்பு அதிகம் காணப்பட்டதால் குடிநீர் மீது கவனம் திரும்பியது. (இந்த நாந்தேட் புணேயை ஒட்டிய பகுதி, மராத்வாடாவில் உள்ள நாந்தேட் நகரம் அல்ல.) நோயாளிகள் சிலரின் மாதிரிகளில் 'கேம்பிலோபாக்டர் ஜெஜுனி' என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இக்கிருமியின் மேற்பரப்பு நரம்பின் கூறுகளை ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்க உருவாகும் எதிர்ப்பொருள்கள் சிலருக்கு நரம்பையும் தாக்குகின்றன.

அந்த ஜனவரி மாத இறுதியில் மத்திய சுகாதார அமைச்சகம் ஏழு பேர் கொண்ட நிபுணர் குழுவை புணேக்கு அனுப்பியது. பிப்ரவரியில் பாதிப்பு எண்ணிக்கை 200-ஐக் கடந்தது. இதில் 'சந்தேகத்துக்குரிய பாதிப்பு', 'உறுதிசெய்யப்பட்ட பாதிப்பு' ஆகிய இரண்டும் அடங்கும்.

'ஜிபிஎஸ் சிண்ட்ரோம்' என்பது கூறியது கூறல். 'எஸ்' என்ற எழுத்தே சிண்ட்ரோமைக் குறிக்கிறது. செய்திகளில் உடன் வரும் 'ஐவிஐஜி', சிரைவழி செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்தாகும். அதற்கு மாற்றாக பிளாஸ்மா மாற்று சிகிச்சையும் அளிக்கப்படுகிறது.

மகப்பேறு மருத்துவ அறிக்கையில் இதே சுருக்கம் இருந்தால் பொருள் வேறு. அங்கு அது, பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடிய 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியாவைக் குறிக்கும்.