பூவரசம்பூவும் களனிப் பள்ளத்தாக்கும்

இலங்கை சுதந்திரம் பெற்ற வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கொழும்பிலிருந்தே தொடங்குவர். மகஜர்கள், ஆணைக்குழுக்கள், தலைவர்களின் இலண்டன் பயணங்கள், இறுதியில் 1948 பெப்ரவரி 4ஆம் நாள் என்று அக்கதை ஒழுங்காக நடந்து செல்லும். அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டை என்று றப்பர் மரங்களுக்கூடாகச் செல்லும் பாதையில் நின்று பார்ப்பவருக்கோ அதே வரலாறு வேறு விதமாகத் தோன்றும். நேயர்களே, அந்தப் பள்ளத்தாக்கின் கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

கதை ஒரு பூவிலே தொடங்குகிறது. முதலாம் உலக யுத்தம் நின்ற நாளாகிய நவம்பர் 11ஆந் திகதி, ஆண்டுதோறும் சிவந்த பொப்பி மலர்களை விற்று, போர்வீரர் நலனுக்கென்று பணம் சேர்ப்பது அக்கால வழக்கம். சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி கடல் கடந்து பிரித்தானியாவுக்கே போயிற்று. இலங்கையிலிருந்து போருக்குச் சென்று திரும்பியவருக்குக் கிடைத்தது சொற்பம். இதனைக் கண்டு மனம் கசந்த ஏலியன் பெரேரா என்பார், 1931இல், அதே நாளில், சூரியமலரை விற்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். சூரியமல் என்று சிங்களத்தில் சொல்லப்படுவது வேறொன்றுமன்று; நம் பூவரசம்பூதான். வேலியோரத்தில் நிற்பது, சிறுவர் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவது, யாரும் விலை கொடுத்து வாங்காதது. அந்தப் பூ ஏகாதிபத்தியத்தின் பூவுக்கு எதிர்ப்பூவாயிற்று. 1933இல் கொழும்பு வாலிபர் சங்கத்தினர் இதனைத் தம் கையில் எடுத்தனர். இயக்கத்திற்குத் தலைவியானவர் டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி, ஒரு பாடசாலையின் அதிபர். ஆளும் இனத்தில் பிறந்தோர் எல்லோரும் ஆள்வோர் பக்கம் நிற்பதில்லை.

பூ விற்ற இளைஞர்களைக் களனிப் பள்ளத்தாக்கிற்கு அழைத்து வந்தது காய்ச்சல். 1934இல் பருவமழை பொய்த்தது. மலேரியா வறண்ட நாட்டு நோய் என்றும், மழை குறையாத கேகாலைப் பகுதிக்கு அது வராதென்றும் மக்கள் எண்ணியிருந்தனர். பெருக்கெடுத்தோடும் ஆறு நுளம்பின் முட்டைகளை அடித்துச் சென்றுவிடும். ஓட்டம் நின்று மணலுக்கும் பாறைக்கும் இடையே குட்டை குட்டையாகத் தேங்கினால், அதே ஆறு நுளம்பின் தொட்டிலாகிவிடும். அவ்வாறே ஆயிற்று. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட நோய் 1935இலும் நீடித்து, நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. கேகாலையும் குருநாகலும் மிகக் கொடிய அழிவைக் கண்டன. முன்பு இந்நோய் கண்டறியாத உடல்கள் அதனைத் தாங்கவில்லை.

பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் மருந்தோடும் உணவுப் பொட்டலங்களோடும் கிராமங்களுக்குச் சென்றனர். கொயினா கொடுத்தால் காய்ச்சல் தணிந்தது. ஆனால் பட்டினி கிடந்த உடம்பு தேறவில்லை. ஆகவே மார்மைட்டை மாத்திரைகளாக உருட்டியும் கொடுத்தார்கள். இங்கேதான் வரலாறு திரும்பியது என்பது என் கருத்து. நோயாளி ஏன் எழவில்லை என்று கேட்டவன், அவன் அடுப்பைப் பார்க்கிறான். அடுப்பு ஏன் எரியவில்லை என்று கேட்டவன், நிலத்தையும் கூலியையும் பார்க்கிறான். அதன்பின் அரசாங்கத்தைப் பார்க்காமலிருக்க முடியாது.

1935 டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. மற்றத் தலைவர்கள் அரசியற் சீர்திருத்தம் கோரிக் கொண்டிருந்த வேளையில், அது பூரண சுதந்திரம் வேண்டுமென்றது. மறு ஆண்டில் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும், ருவன்வெல்லையில் என். எம். பெரேராவும் வென்றனர். காய்ச்சற் காலத்தில் படியேறி வந்தவர்களைக் கிராமம் மறக்கவில்லை.

கிராமத்துக்கு வந்தவர்கள் தோட்டத்துக்குள் நுழைவது அத்தனை எளிதாக இருக்கவில்லை. தோட்டம் துரையின் தனிச் சொத்து. அழையாது நுழைந்தால் அத்துமீறற் குற்றம். துணி வியாபாரி வேடத்தில் நடேசையர் தோட்டங்களுக்குள் சென்றதாகச் சொல்லப்படுவது இதனாலேயே. அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடிப் பாடியே மக்களைத் திரட்டினார். 1937இல், அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை வாலிபர், தொழிலாளர் பக்கம் பேசியதற்காக நாடு கடத்தப்பட இருந்தார். தேசாதிபதி ஸ்டப்ஸின் கட்டளை செல்லாதென்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தேசாதிபதியின் கட்டளையும் தோற்கக்கூடும் என்பதைத் தோட்டத்து லயங்கள் அன்று அறிந்தன.

1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலீசாரின் குண்டுக்குப் பலியானார். இலங்கை விடுதலையில் இரத்தம் சிந்தப்படவில்லை என்று கூறுவோர் அந்தப் பெயரை ஒருமுறை உச்சரித்துப் பார்க்கலாம். அதே ஆண்டு ஜூனில் பிலிப்பும் என். எம்.மும் சிறைப்பட்டனர், 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய இரண்டாம் நாள், கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியா சேர்ந்தனர்.

போர் முடிந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தனர், ஆதரவாக வேலைநிறுத்தம் மூண்டது. கவனியுங்கள்: காணி கொடுக்கப்பட இருந்ததும் ஏழைக்கு, வெளியேற்றப்பட இருந்தவனும் ஏழை. காய்ச்சல் காலத்தில் ஒன்றாகத் தோன்றிய பள்ளத்தாக்கு, சுதந்திரத்தின் வாசலில் இரண்டாகப் பிளந்தது.

1773இல் பொஸ்தன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் எறிந்த அமெரிக்கக் குடியேறிகள், தமக்குப் பிரதிநிதியில்லாத பாராளுமன்றம் தம்மீது வரி விதிக்கலாகாதென்று வாதித்தனர். நம் தோட்டத் தொழிலாளியின் கதை தலைகீழானது. பிரித்தானியர் ஆண்டபோது, 1931 முதல், பல நிபந்தனைகளோடாயினும் அவனுக்கு வாக்கு இருந்தது. 1947 தேர்தலில் மலைநாடு இந்தியன் காங்கிரஸ் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், மறு ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் அந்த உரிமையைப் பறித்தன. என். எம். பெரேரா 1948இல் அச்சட்டத்தை எதிர்த்துப் பேசினார். ஆயினும் 1964 ஒக்டோபரில், ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அவர் அந்த அரசாங்கத்திலேயே நிதி மந்திரியாக இருந்தார்.

பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975 வரை அவர்கள் கையிலேயே இருந்தன. நாடற்றவராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அப்போது, 1936இல் வாக்களித்த தலைமுறையில் உயிரோடிருந்தவர் மிகச் சிலரே.