சரஸ்வதி மகாலின் வருகைப் பதிவேடு

நான் அறிந்த ஒரு கல்லூரியில் மதிப்பெண் பதியும் மென்பொருளுக்குத் துறை முழுவதற்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். இரண்டும் மேசைக் கண்ணாடியின் அடியில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒரு மாணவியின் மதிப்பெண் திடீரென மாறியபோது, மாற்றியவர் யார் என்று எங்கோ வெளியூரில் இருந்த வழங்கியைக் கேட்டார்கள். "தமிழ்த்துறை" என்று அது விடை சொன்னது. இதை எண்ணும்போதெல்லாம் தஞ்சை அரண்மனை நூலகம்தான் என் நினைவில் எழுகிறது.

ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய 1960களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கடவுச்சொல் புழக்கத்துக்கு வந்தது. 1962-இலேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டும் கள்ளச்சாவியும் உடன்பிறந்தவை போலும்!

நூலகத்திலும் அதே கேள்விகள்தாம்: நீ யார், உனக்கு எதுவரை உரிமை, வந்து என்ன செய்தாய்? இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தம் நூல்களில் ஆங்கிலத்தில் கையொப்பமிடும் வழக்கமுடையவர். அன்று நூலும் உரிமையும் அவருடையவை; சிக்கல் எழவில்லை. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனியார் அரண்மனைச் சொத்தைக் கைப்பற்றினர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் உள்ளே அமர்ந்து வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தொகுத்தார். 1880-இல் அது இலண்டனில் அச்சேறியது. சீமையில் இருந்தவர் பட்டியலைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. ஆனால் பொதுமக்களுக்கென நூலகம் திறக்க மேலும் 38 ஆண்டுகள், 1918 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

திறந்தபின் எல்லோருக்கும் எல்லாமும் தந்துவிட முடியாது. ஏடு பொடிந்துபோகும். அரிய சுவடிகளை நூலகமே பதிப்பித்து வெளியிட்டது இதற்கு நல்ல வழி. கணினிக்காரர் "படிக்க மட்டும்" என்று ஓர் உரிமை வைத்திருக்கிறார்களே, ஏறத்தாழ அதுதான்: வாசகர் வரி வரியாகப் படிக்கலாம், மூல ஏட்டில் கை படாது.

மூன்றாவது கேள்விதான் இடறியது. சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான புதிய ஏற்பாட்டின் பிரதியொன்று, 2005 அக்டோபரில் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்திலிருந்து மறைந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அந்நாட்களில் வந்துபோன வெளிநாட்டார் சிலரைப் பற்றிய குறிப்பு அதில் இருந்தது. வந்தவரெல்லாம் திருடரா என்ன? வாயிற்படி தாண்டியவரை மட்டுமே பதிவேடு அறியும். எந்தப் பேழையை யார் தொட்டார் என்று அதற்குத் தெரியாது. வழங்கியிலும் நுழைவுக் குறிப்பு வேறு, கோப்பைத் தொட்ட குறிப்பு வேறு. இரண்டாவதை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லாவிட்டால், பின்னர் தேடிப் பயனில்லை. துப்பின்றிக் கிடந்த வழக்கில், அந்த நூல் இலண்டன் சேகரிப்பு ஒன்றின் இணையதளத்தில் தென்பட்டதாகத் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது 2022-இல். இடையில் 17 ஆண்டுகள்.

அந்தக் கல்லூரியில் இப்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். ஓய்வுபெற்றுப் போன இருவரின் பெயர்களை மட்டும் இன்னும் யாரும் நீக்கவில்லை.