கபாடமும் கிவாடும்: வீட்டுப் பூசையறையின் உலோகக் கதவு

இந்தியில் கதவைக் குறிக்கும் சொற்களுள் இரண்டு ஒரே வேரிலிருந்து வந்தவை. 'கபாட' என்னும் சமஸ்கிருதச் சொல் மக்கள் வழக்கில் ஒலி திரிந்து 'கிவாட்' ஆயிற்று. பின்னர் அதே மூலச்சொல் ஏறக்குறைய அதன் பழைய உருவிலேயே 'கபாட்' என்றும் வழங்கலாயிற்று. வடிவம் இரண்டானபோது பொருளும் பிரிந்தது. வீட்டின் மரக்கதவு கிவாட். இறைவன் சன்னிதியின் கதவு கபாட். கேதார்நாத் நடை திறக்கும் நாள் மகாசிவராத்திரியன்றும், பத்ரிநாத் நடை திறக்கும் நாள் வசந்த பஞ்சமியன்றும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகின்றன. அச்செய்தியை எழுதும் இந்தி நாளிதழ்கள் 'கபாட்' என்றே எழுதுகின்றன. அவ்விடத்தில் 'கிவாட்' பொருந்தாது.

இவ்வேறுபாடு வெறும் மரியாதை பற்றியது அன்று. கிவாட் என்பது ஒரு பொருள். கபாட் என்பதோ பொருளோடு கூடிய ஓர் ஒழுங்கு: எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, யார் காணலாம், யார் காணலாகாது என்னும் விதிகளின் தொகுதி. இன்று நகரக் குடியிருப்புகளின் பூசையறைகளில் காணப்படும் அலங்கார உலோகக் கதவின் வரலாற்றை, கபாட் வீட்டிற்குள் வந்த வரலாறாகவே படிக்க வேண்டும்.

கோயிலின் உலோகக் கதவு பெரும்பாலும் முழு உலோகத்தால் ஆனதன்று. உள்ளுடல் மரம், அதன்மேல் பித்தளையோ வெள்ளியோ மெல்லிய தகடாகப் போர்த்தப்படும். குங்கிலியம், செங்கற்பொடி, எண்ணெய் முதலியன கலந்த மெழுகுப் படுகையின்மேல் தகட்டைப் பதித்து, பின்புறமிருந்து தட்டி உருவங்களைப் புடைக்கச் செய்வர். பிறகு முன்புறத்தில் சிற்றுளியால் கண், இதழ், கொடி ஆகியவற்றைத் தெளிவாக்குவர். இவ்வேலைக்குத் தமிழில் வழங்கும் 'நகாசு' என்னும் சொல்லே, 'நக்ஷ்' என்னும் அரபு மூலத்திலிருந்து பாரசீக வழியாக வந்தது. விக்கிரகத்திற்குக் காப்பாக அமையும் கதவின் வேலைப்பாட்டிற்குப் பெயர் அரபியிலிருந்து வந்திருப்பது, இந்தியக் கைவினை மரபு எத்தகைய கலப்பில் வளர்ந்தது என்பதைக் காட்டும். தகடு மரத்தைப் புகையினின்றும் எண்ணெயினின்றும் காத்தது. கூடவே, கொடையாளரின் செல்வத்தை எல்லாரும் காணும் இடத்தில் நிறுத்தியது. ராஜஸ்தானத்து தேஷ்னோக் கர்ணி மாதா கோயிலின் வெள்ளிக் கதவுகள் பீகானேர் மன்னர் கங்கா சிங்கின் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றன.

வீட்டு வழிபாடு எப்போதும் கதவை வேண்டியதில்லை. வங்காளத்துப் பழைய மாளிகைகளில் துர்க்கை பூசை நடைபெறும் 'டாகுர்தாலான்', முற்றத்தை நோக்கித் திறந்த வளைவுகளைக் கொண்ட மண்டபமாகும். பூசை நாள்களில் ஊரார் முற்றத்தில் கூடி நின்று காண்பதற்கென அமைந்த இடம் அது. மராட்டிய வீடுகளின் 'தேவ்கர்' வேறு வகையானது. 'சோவளே' எனப்படும் மடி ஆசாரம் கடைப்பிடிக்கும் குடும்பங்களில் அடுக்களைக்கும் பூசையிடத்திற்கும் ஒரே விதிதான்.

வல்லபாச்சாரியாரின் (1479–1531) புஷ்டி மார்க்கம் மூன்றாவது வழியொன்றைக் காட்டியது. 1672இல் நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி எழுந்தருளிய கோயில் 'ஹவேலி', அதாவது மாளிகை, என்றே அழைக்கப்படுகிறது. அங்கே நாளொன்றுக்கு எட்டுத் தரிசனங்கள். இடைப்பொழுதுகளில் சன்னிதி அடைக்கப்படும். குழந்தைக் கண்ணன் உண்கிறான், உறங்குகிறான் என்பதே காரணம். அவ்வடியார்கள் தம் வீடுகளிலும் இறைவனைத் துயிலெழுப்பி, அமுதூட்டி, உறங்க வைக்கின்றனர். கோயில் வீடாகவும் வீடு கோயிலாகவும் ஒன்றையொன்று பார்த்து அமைந்த இம்மரபில், அடைத்தல் என்பது விலக்கு அன்று, பரிவு.

எனினும் கபாட்டின் வரலாறு பரிவால் மட்டும் ஆனதன்று. 1930 மார்ச் 2ஆம் நாள் நாசிக்கின் காளாராம் கோயிலில் நுழையும் உரிமை கோரி அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். கோயிலின் கதவுகள் அடைக்கப்பட்டன. அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. பொதுத்தன்மை வாய்ந்த இந்துச் சமய நிறுவனங்களை இந்துக்களின் எல்லா வகுப்பினர்க்கும் பிரிவினர்க்கும் திறந்துவிடச் சட்டமியற்ற 25ஆம் பிரிவு இடமளித்தது. 'பொதுத்தன்மை வாய்ந்த' என்னும் அடைமொழி கவனத்திற்குரியது. அது கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுப் பூசையறை அதன் எல்லைக்கு வெளியே உள்ளது.

இந்நிலையில்தான் அடுக்குமாடி வீட்டின் பூசையறைக் கதவைக் காண வேண்டும். உளியும் சுத்தியலும் செய்த வேலையை இன்று கணினி வழி இயங்கும் லேசர் வெட்டு செய்கிறது. புடைப்புருவத்தின் இடத்தில் துளையுருவம் வந்துள்ளது. பித்தளைத் தகடு, பொன்னிறப் பூச்சு ஏற்றிய துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றில் தாமரை, மணி, சங்கு, 'ஓம்' எனத் துளைகள் அமைகின்றன. விளக்கின் புகை வெளியேறவும், அடைத்த பின்னும் சுடர் தெரியவும் அவை உதவுகின்றன. கூடத்தின் ஓரத்தில் ஓர் அலமாரி அளவே கிடைத்த பூசையிடத்திற்கு இக்கதவு ஒரு கருவறையின் தோற்றத்தைத் தந்துவிடுகிறது.

தோற்றத்தோடு விதியும் வருகிறது. மாதவிலக்கு நாள்களில் அக்கதவைத் தொடாத பெண்கள் பல வீடுகளில் உள்ளனர். அவர்களுள் மற்ற நாள்களில் அவ்விளக்கை ஏற்றுபவர்களும் அடங்குவர். கதவின் வெளிப்புறத்தைத் துடைத்து மெருகேற்றும் பணிப்பெண், உட்புறம் கை நீட்டக்கூடாது என்னும் வழக்கமும் மறைந்துவிடவில்லை. நாசிக்கில் அடைக்கப்பட்ட கதவின் முன்னே ஆயிரம் பேர் அமர முடிந்தது. இக்கதவின் முன்னே அமர்ந்து கேட்க அவர்களுக்கு இடமில்லை, ஏனெனில் இது இன்னொருவர் வீடு, அல்லது தம் வீடே.

துளையிட்ட கதவு கண்ணுக்கு வழிவிடுகிறது, கைக்கு விடுவதில்லை. கிவாட்டாக இருந்தவரை அது யாரும் திறக்கக்கூடிய ஒரு மரப்பலகை. கபாட்டாக மாறிய பின், திறப்பதற்கு ஒருவர் அனுமதி தரவேண்டியதாயிற்று. வரலாறு இக்கதவிடம் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த உலோகத்தால் ஆனது என்பதன்று. அந்த அனுமதி யார் கையில் இருக்கிறது என்பதே.