சூரியநெல்லி மக்கள்

சங்க மலர்களில் பேரூர்களின் வரலாறே பெரிதும் இடம்பெறுகின்றது. இம்முறை சிற்றூர் ஒன்றின் மக்களைப் பற்றி எழுதத் துணிந்தேன், அன்பர்கள் பொறுத்தருள்க.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானல் ஊராட்சியில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்தது சூரியநெல்லி. கடைத்தெருவில் செவிப்படுவது பெரும்பாலும் தமிழே. இம்மக்கள் நிலையான குடிகளா, வந்துபோகும் கூலிகளா என்னும் வினா எழுபது ஆண்டுகளாக இவர்களைத் தொடர்ந்து வருகின்றது.

இம்மலைகளின் மூத்த குடியினர் முதுவர். மதுரையினின்று பிள்ளைகளை முதுகிற் சுமந்து வந்தமையால் அப்பெயர் பெற்றோம் என்பது அவர்தம் மரபுச் செய்தி. 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர்த் தோட்டங்கள் பரவின. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிமார் முன்பணம் கொடுத்து மதுரை, திருநெல்வேலிச் சீமைகளினின்று குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தனர். வந்தோருள் பெரும்பாலோர் சொந்த ஊரில் கையளவு நிலமுமற்ற, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான பள்ளர், பறையர் குலத்தவர். மலையேறியதும் சாதி ஒழிந்துவிடவில்லை. எனினும் கொழுந்துக் கூடைக்கு எடை ஒன்றே.

இருப்புப்பாதை ஊழியனாகிய யான் ஒன்று சொல்லாமற் செல்லவியலாது. போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தது 1928-இல் தான். அதற்கு முன் வந்தோர் சமவெளியிலும் நெடுந்தொலைவு நடந்தே வந்தனர். இரயில் வந்த பின்னரும் போடிக்கு மேல் மலையேற்றமே!

நாற்பதுகளுக்குப் பின் மத்திய திருவிதாங்கூர் மலையாளிகள் நிலம் தேடி இம்மலைகளிற் குடியேறினர். இப்பொழுது வடநாட்டுத் தொழிலாளரும் வந்துள்ளனர். சின்னக்கானலில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் வழங்கியது. அவ்விடம் யானைகளின் வழித்தடமாதலால் பலர் வெளியேறினர். 2023-இல் அங்கே பிடிக்கப்பட்டுப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, எல்லை கடந்து கம்பத்திற்கே வந்துவிட்டது. யானைக்கு மாநிலம் ஏது?

மாந்தர்க்கோ எல்லை உண்டு. தேவிகுளம், பீர்மேடு முதலிய தமிழ்ப்பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழர் போராடினர். 1954-இல் மார்ஷல் நேசமணி மூணாறில் தடையை மீறிச் சிறைப்பட்டார். தேவிகுளத்தில் தமிழரே மிகுதி என்பதை மாநிலச் சீரமைப்பு ஆணையமும் மறுக்கவில்லை. ஆயினும் தோட்டத் தொழிலாளர் நிலையற்ற மக்கள் என்னும் வாதம் வலுப்பெற்றது; 1956 நவம்பர் 1 அன்று அம்மலைகள் கேரளத்துடன் சேர்ந்தன. பேரப்பிள்ளை கண்டவரும் நிலையற்றவரே போலும்!

நிலையற்றவராக்குவது லயத்து வீடுதான். அவ்வீடு வேலைக்கு உரியது, ஆளுக்கன்று. அங்கேயே பிறந்து முதிர்ந்த தாயும், மக்களுள் ஒருவர் தோட்ட வேலையில் இல்லையேல், ஓய்வு பெற்றதும் வீட்டை விடவேண்டும். அதனால் பலர் தேனிப் பக்கம் ஒரு மனை வாங்கப் பாடுபடுகின்றனர். அதுவே அவர்கள் வந்துபோவோர் என்பதற்குச் சான்றாகவும் காட்டப்படுகின்றது.

பட்டியற் சாதிச் சான்றிதழ் கேட்போர், முன்னோர் 1950-க்கு முன்பே கேரள மண்ணில் வாழ்ந்ததைக் காட்டவேண்டும். தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வழக்கிலும் இவ்வினா எழுந்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் அவர் தேர்வைச் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்காட வசதியற்ற கொழுந்து பறிக்கும் பெண், பாட்டனார் பெயருள்ள பழைய செக்ரோல் தாளைத் தேடித் தோட்ட அலுவலகத்து வாயிலில் நிற்கின்றாள்.