ஸ்மார்ட்பாம் (ஈவ் ஆன்லைன்)

ஸ்மார்ட்பாம் என்பது, ஐஸ்லாந்தின் சிசிபி கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2003-இல் வெளிவந்த ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்கல விளையாட்டில், கலத்தைச் சுற்றிலும் குறுகிய தொலைவுக்குச் சேதம் விளைவிக்கும் ஆயுதம்.

வகைகள்: மின்காந்தம், வெப்பம், இயக்கம், வெடிப்பு எனச் சேத அடிப்படையில் நான்கு, அளவில் மைக்ரோ முதல் பெரியது வரை. பெரிய வகையின் அடிப்படை வீச்சு சுமார் 5 கி.மீ.

இயல்புகள்: இலக்கைப் பூட்டத் தேவையில்லை. வீச்சுக்குள் இருக்கும் நண்பர், பகைவர், சொந்த ட்ரோன் அனைத்தையும் தாக்கும். ஏவிய கலத்தைத் தாக்காது. மின்தேக்கியின் ஆற்றலை வெகுவாக உறிஞ்சும். உயர்பாதுகாப்பு மண்டலத்தில், தாக்க அனுமதியற்ற பிற வீரர்களின் கலங்கள்மீது பட்டால் கான்கார்ட் காவல்படை ஏவியவரின் கலத்தை அழிக்கும்.

பயன்பாடு: ட்ரோன் கூட்டங்களை ஒழிக்கவும், பாய்ந்துவரும் ஏவுகணைகளை நட்புப்படையை எட்டுமுன் அழிக்கவும் உதவுகிறது, பின்னது 'ஃபயர்வால்' எனப்படும். எதிரிப்படை வார்ப் பாய்ச்சலிலிருந்து வெளிப்படும் இடத்தில் ரோக் போன்ற போர்க்கலங்களை நிறுத்தி, எல்லா ஸ்மார்ட்பாம்களையும் ஒரே நொடியில் வெடிக்கச் செய்வது 'பைப்பாம்பிங்'. ரோக் கலத்தில் எட்டு ஸ்மார்ட்பாம்கள் வரை பொருத்தலாம்.

முக்கியத்துவம்: பூட்டுவதற்குள் தப்பிவிடும் சிறுகலங்களையும் கலம் அழிந்தபின் விமானிகள் தப்பிச்செல்லும் உயிர்க்கூடுகளையும் வீழ்த்துவதால், தாழ்பாதுகாப்பு மண்டல வாயில்களில் பதுங்கித் தாக்குவோரின் முக்கியக் கருவிகளுள் ஒன்றாக விளங்குகிறது.