பழவேற்காட்டிலிருந்து புறப்பட்ட ஓர் எண்

ரிஃப்ராக்டோமீட்டர் கைக்கு அடக்கமான ஒரு குழாய். ஏரித்தண்ணீரில் ஒரு சொட்டை அதன் கண்ணாடிமேல் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு உப்பின் அளவைச் சொல்லும் ஓர் எண்ணில் நிற்கும். கடலென்றால் 35 பக்கம். பழவேற்காடு அப்படி ஒரே இடத்தில் நிற்கிற ஏரி அல்ல. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொட்டும்போது எண் இறங்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலையே மிஞ்சி ஏறும். மீனவருக்கு இதைச் சொல்லக் கருவி வேண்டாம். முகத்துவாரம் அடைத்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, அவ்வளவுதான்.

ஆய்வு மாணவரின் நோட்டில் வெறும் ‘38’ என்று இருந்தால் அது செத்த எண். எந்த இடம், எந்தத் தேதி, முகத்துவாரம் திறந்திருந்ததா என்பதெல்லாம் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இறால் கணக்கில் இன்னும் சிக்கல். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருநாள் இறால் குறைந்தால், ஏரி கெட்டதாலா, அன்று கிடைத்த பாடு மோசமானதாலா? பாட்டின் பெயரை எழுதாத அட்டவணைக்கு இது தெரியாது. ஏரியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி விலங்கியலாளர் பி. ஜே. சஞ்சீவ ராஜ் தொகுத்த உயிரினத் தொகுப்பைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் நூலாகவே போட்டது. எல்லா நோட்டுக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

பெரும்பாலான எண்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போய் உட்காரும். முன்பு அதோடு கதை முடிந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேடுகளை மின்வடிவிலும் தரச்சொல்லி விதி போட்டது. அதனால் எண் குஜராத்தின் காந்திநகருக்குப் பயணப்பட்டது. அங்கே இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியம் இருக்கிறது. அதைத் தாங்கும் டிஸ்பேஸ் மென்பொருளை 2002இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நூலகத்தாரும் ஹெச்.பி. நிறுவனமும். பல்கலைக்கழக நூலகர்தான் கோப்பை ஏற்றுகிறார்.

ஏற்றியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் தகராறு. ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கத்தில் அட்டவணை வெறும் படம். கூட்டவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. யாராவது உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தால்தான் உண்டு. அப்போது மடவை மீன் வந்து மாட்டும். பழைய ஏடுகளில் அது லிசா மேக்ரோலெபிஸ். இன்றைய பெயர் பிளானிலிசா மேக்ரோலெபிஸ். கூடவே நாலு விதமான எழுத்துப்பிழை. கணினிக்கு இவை ஆறு மீன். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவி ஒத்த எழுத்துகளைக் கூட்டிக் காட்டி, ஒரே சொடுக்கில் ஒன்றாக்கும். 2012இல் கூகுள் கைவிட்ட பிறகு தன்னார்வலர்கள் காப்பாற்றிய கருவி இது. பெயர் மாறிய கதையைப் பெல்ஜியத்திலிருந்து பராமரிக்கப்படும் உலகக் கடலுயிர்ப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். வெளிநாடுகளில் ஓப்பன்ரிஃபைனைச் சொல்லிக்கொடுக்கிறவர்களில் நூலகர்கள் நிறையப் பேர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதையே ஒரு விதியாக வைத்த ஊர் சென்னை. இங்கே ஓப்பன்ரிஃபைன் வகுப்பு நூலகத்தில் நடக்காமல் வேறெங்கே நடக்கும்?

இந்தப் பழைய எண்களைச் சீராக்குவதற்கு இப்போது அவசரமும் இருக்கிறது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கத் தடுப்புச் சுவர் கட்டும் திட்டத்தை அரசு எடுத்திருக்கிறது. சுவரால் இறால் கூடியதா என்று பார்க்கச் சுவருக்கு முந்தைய எண் வேண்டும். அதை முதலில் கேட்கப்போகிறவர் கோட்டைக்குப்பத்துப் பாடு மீனவர். அவருக்கு ஆங்கிலப் பின்னிணைப்பு உதவாது. மாதம், பாடு, உப்பு, இறால் என்று தமிழில் தலைப்பிட்ட ஒரு தாளை அச்சிட்டு ஊர்ப் பஞ்சாயத்தில் கொடுக்க நூலகத்துக்கு ஒரு பிரிண்டரும், ஒரு பஸ் டிக்கெட்டும் போதும்.